பிலிம் கமராவும் யாழ்ப்பாண வெயிலும்

நான் பிழைப்புக்கு எடுப்பது டிஜிற்றல் படம். கலியாணவீடு, சாமத்தியவீடு, இடைக்கிடை ஒரு அறுபதாம் கலியாணம். தாலிகட்டு ஒன்றுக்கே நூற்றுக்கணக்கில் அமத்தித் தள்ளுகிற வேலை. அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை, சோறு போடுகிறது. ஆனால் வெளிச்சத்தைப் பார்க்கப் பழகியதும், என்னுடைய படம் எப்படி இருக்கும் என்று எனக்கே பிடிபட்டதும் பிலிம் கமராவால்தான். இதை எங்கே சொன்னாலும் "இந்தக் காலத்தில பிலிமோ?" என்று பெடியள் சிரிப்பார்கள். சிரித்தவர்களில் இரண்டொருவர் பிறகு தனியாக வந்து, "அண்ணை, பிலிம் எங்க வாங்கலாம்?" என்று கேட்பார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பிலிமில் எடுத்தால் படம் தானாக வடிவாகிவிடும் என்பது வெறும் கதை. அந்த மங்கல் நிறமும் துகளும்தான் வேண்டுமென்றால் போனிலேயே ஒரு பில்டரைப் போட்டு முடிக்கலாம், காசும் மிச்சம். பிலிமின் பலன் எடுக்கிறவனின் பழக்கத்தில் தெரியும். எங்கே நிற்பது, எந்த வெளிச்சத்துக்குக் காத்திருப்பது, எதை விடுவது என்பதையெல்லாம் பொத்தானை அமத்துவதற்கு முன்னமே முடிவெடுக்க வேண்டிவரும். டிஜிற்றலில் நாங்கள் அந்த முடிவுகளை இரவு கணினிக்கு முன்னால் இருந்துதான் எடுக்கிறோம். அதற்குள் அந்த இடமும் ஆட்களும் போய்விடுகிறார்கள்.

என்னிடம் இருப்பது பென்ராக்ஸ் கே1000. 1976இல் சந்தைக்கு வந்து 1997வரை பெரிய மாற்றம் இல்லாமல் செய்யப்பட்ட கமரா. நகரத்தில் முன்பு ஸ்ரூடியோ வைத்திருந்த ஒரு ஐயாவிடம் வாங்கினேன். வாங்கியபோது அதன் வெளிச்ச முள், அதாவது வெளிச்சத்தை அளந்து காட்டுகிற முள், அசையவில்லை. ஐயா அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

"முள்ளுக்குத்தான் தம்பி பற்றரி. மற்றதெல்லாம் அது இல்லாமலே ஓடும். பற்றரி வராத காலத்திலயும் நான் இதாலதான் படம் எடுத்தனான்."

தொண்ணூறுகளில் வடக்குக்குப் பற்றரி கொண்டுவரத் தடை இருந்தது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட காலம் அது. அந்த நாட்களில் வெளிச்ச முள் இல்லாமல் எப்படி அளவு வைத்தீர்கள் என்று கேட்டேன். "வெயிலைப் பார், நம்பரைச் சொல்லு. அவ்வளவுதான்" என்றார். பிறகு பற்றரிக் குழிக்குள் இருந்த பச்சைக் களிம்பைச் சுரண்டி, புது எல்ஆர்44 ஒன்றைப் போட்டதும் முள் அசைந்தது. அதற்கிடையில் முள் இல்லாமல் எடுத்த றோல்கள்தான் எனக்குப் பள்ளிக்கூடம். (இந்தக் கமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீற்றரை நிப்பாட்ட சுவிச் கிடையாது. லென்ஸ் மூடியைப் போட்டுவைத்தால்தான் பற்றரி மிஞ்சும்.)

ஐயா சொன்ன கணக்கை உலகம் முழுக்கப் படம் எடுப்பவர்கள் அறிவார்கள். பளிச்சென்ற வெயிலில் அப்பெர்ச்சரை, அதாவது லென்ஸின் துவார அளவை, 16இல் வை (எண் கூடினால் துவாரம் சிறுக்கும்), ஷட்டர் திறந்து மூடும் வேகத்தைப் பிலிமின் ஐஎஸ்ஓ எண்ணுக்கு, அதாவது பிலிம் வெளிச்சத்தை உணரும் அளவுக்கு, கிட்ட வை. ஐஎஸ்ஓ 400 பிலிம் என்றால் 1/400 செக்கன். கமராவில் அந்த எண் இல்லை, எனவே 1/500. மெல்லிய முகில் என்றால் 11. நல்ல மூட்டம் என்றால் 8. மழை இறங்கப்போகிற இருட்டு வானம் என்றால் 5.6. வெயில் நேரே படாத திறந்த நிழலில் 4. கண் கூசும் மணலில் 22. கொடாக் பிலிம் பெட்டிகளில் முன்பெல்லாம் இதைச் சின்னப் படங்களாகவே அச்சடித்திருந்தார்கள்.

இந்த அட்டவணையை எங்கள் ஊருக்குப் பொருத்திப் பார்க்கிறதில்தான் சுவாரசியம் இருக்கிறது. கசூரினாக் கடற்கரையில் மதியம் 22 சரியாக வரும். பழைய வீட்டுத் திண்ணையும் தலைவாசலும் 4. முற்றத்து வெளிச்சம் உள்ளே தெறித்து முகத்தில் மெதுவாக விழும் அந்த இடத்தைப்போல ஆள் படத்துக்கு வேறு இடம் இல்லை என்பேன். வேப்பமர நிழல் ஏமாற்றும். குளிர்மையாக இருக்கிறதே என்று ஆளை அதற்குக் கீழே நிறுத்தினால் முகமெல்லாம் வெள்ளைப் பொட்டுகள். மார்கழி மழைக்கால வானம் பலருக்குப் பிடிக்காது, ஆனால் நாள் முழுக்க 8க்கும் 5.6க்கும் இடையிலேயே நிற்பதால் பழகுகிறவர்களுக்கு அதைப்போல இலகுவான வெளிச்சம் இல்லை.

மதிய வெயிலைப் பற்றி இன்னும் கொஞ்சம். யாழ்ப்பாணம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பத்துப் பாகைக்குள் இருக்கிறது. வருசத்தில் இரண்டு தடவை, சித்திரைப் புதுவருசத்தை ஒட்டியும் ஆகஸ்ட் கடைசியிலும், சூரியன் எங்கள் உச்சந்தலைக்கு நேரே வரும். இரண்டாவது தடவை பெரும்பாலும் நல்லூர்த் திருவிழாக் காலம். அந்த நாட்களில் மதியம் எடுத்தால் ஆட்களின் கண்குழி இரண்டும் கறுப்புக் குழிகளாகத் தெரியும். ஆனால் வீதியில் பரப்பிய மணல் வெளிச்சத்தைக் கீழிருந்து திருப்பி அனுப்பும். அங்கப்பிரதட்டை செய்பவரின் முகம் மணலுக்குக் கிட்ட இருப்பதால், நிற்கிறவரின் முகத்தைவிட அதில் விபரம் கூடுதலாக இருக்கும். இதை நான் எங்கும் படிக்கவில்லை. கழுவின பிலிமை, அதாவது நெகற்றிவை, தூக்கிப் பார்த்தபோதுதான் கண்டேன். இப்போது கலியாண மண்டபத்துக்குப் போனாலும் முதலில் நிலத்தைத்தான் பார்க்கிறேன். வெள்ளை மாபிள் என்றால் பாதி வேலை முடிந்த மாதிரி.

பழகுகிறவர்களுக்கு ஒரு பயிற்சி. கமராவே தேவையில்லை. கஸ்தூரியார் வீதியால் நடக்கும்போது ஒவ்வொரு கடை வாசலிலும் மனதுக்குள் ஒரு எண்ணைச் சொல்லுங்கள். சொன்ன பிறகு போனில் உள்ள வெளிச்சமானிச் செயலியைத் திறந்து பாருங்கள். முதலில் சொல்லவேண்டும், பிறகுதான் பார்க்கவேண்டும். முதலில் கருவியைப் பார்த்தால் கண் சோம்பேறியாகவே இருக்கும்.

டிஜிற்றலில் இருந்து வருபவர்கள் ஒரு பழக்கத்தைத் தலைகீழாக்க வேண்டும். டிஜிற்றலில் வெளிச்சம் கூடின இடம் வெந்துபோனால் திரும்ப வராது, எனவே நாங்கள் கொஞ்சம் இருட்டாக எடுத்துவிட்டுப் பிறகு தூக்குவோம். நெகற்றிவ் பிலிமில் நிழல்தான் பயம். நிழலுக்குப் போதிய வெளிச்சம் கொடுக்காவிட்டால் நெகற்றிவில் அந்த இடம் ஒன்றும் பதியாமல் வெறும் கண்ணாடியாகவே இருக்கும், எந்த வித்தையாலும் அங்கே ஒன்றும் எழும்பாது. கூடினால் ஒன்றிரண்டு ஸ்ரொப்வரை (ஒரு ஸ்ரொப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு) பிலிம் பொறுக்கும். எனவே சந்தேகம் வந்தால் கூட்டிவிடுங்கள். நெகற்றிவ் இல்லாமல் நேரே படமாகவே வருகிற ஸ்லைட் பிலிம் இதற்கு நேரெதிர், அது பொறுக்காது.

இன்னொன்று, தோல் நிறம். கமரா மீற்றர் எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக, 18 வீதச் சாம்பலாக, ஆக்கப் பார்க்கும். வெள்ளை வேட்டியோடு நிற்கும் எங்கள் ஆட்களைக் காட்டினால் வேட்டியைச் சாம்பலாக்கிவிட்டு முகத்தைக் கரியாக்கும். வெளிநாட்டுக் கலர் லாப்களில் நிறத்தைச் சரிபார்க்கப் பல காலமாக ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தைத்தான் அளவாக வைத்திருந்தார்கள். ஷேர்லி அட்டை என்று அதற்குப் பெயர். எங்கள் தோலை அவர்கள் கணக்கில் எடுக்கவே இல்லை. இதற்கு வழி இலகுவானது. உங்கள் உள்ளங்கையை அந்த ஆளின் முகத்தில் விழும் அதே வெளிச்சத்தில் பிடியுங்கள். கமராவைக் கிட்டக் கொண்டுபோய் உள்ளங்கையை மட்டும் அளந்து, வந்த அளவைவிட ஒரு ஸ்ரொப் கூட்டுங்கள். எங்கள் தோல் எவ்வளவு கறுப்பாக இருந்தாலும் உள்ளங்கை ஏறக்குறைய ஒரே அளவு வெளிறல்தான்.

கறுப்பு வெள்ளையைப் பற்றி ஒரே ஒரு விசயம். கோப்பாய், உரும்பிராய்ப் பக்கம் செம்மண் தோட்டங்களைப் பார்த்தால் யாருக்கும் கமராவைத் தூக்கத் தோன்றும். சிவப்பு மண், அதில் பச்சை வெங்காயத் தாள். கலரில் அபாரம். கறுப்பு வெள்ளைப் பிலிமில் அந்தச் சிவப்பும் பச்சையும் கிட்டத்தட்ட ஒரே சாம்பலாகி, தோட்டமே இல்லாமல் போய்விடும். அங்கேதான் நிறத்தை மறந்துவிட்டு வெளிச்சம் எந்தப் பக்கத்தில் இருந்து வருகிறது என்று பார்க்கப் பழகினேன். காலை ஏழு மணிக்குச் சாய்ந்த வெயில் வரும்போது பாத்தி வரம்புகளுக்கு நிழல் விழும், தாள்களின் ஓரம் மினுங்கும், தோட்டம் திரும்ப வந்துவிடும். வானம் வெறும் வெள்ளையாகாமல் இருக்க மஞ்சள் பில்டர் ஒன்று போதும், ஒரு ஸ்ரொப் வெளிச்சம் குடிக்கும். சிவப்புப் பில்டர் மூன்று ஸ்ரொப் குடிக்கும், வானத்தையும் நாடகமாக்கிவிடும். எனக்கு அது ஒத்துவராது.

இனி, ஸ்ரைல். பாணி என்று சொன்னால் பெடியளுக்கு விளங்காது, ஸ்ரைல் என்றே வைத்துக்கொள்வோம்.

"அண்ணை, எனக்கெண்டு ஒரு ஸ்ரைல் வேணும்" என்று கேட்கிறவர்கள் பெரும்பாலும் தேடுவது ஒரு நிறத்தை. இன்ஸ்ராகிராமில் யாரோ விற்கும் பிரிசெற் ஒன்றை வாங்கிப் போட்டால் ஆறு மாதத்துக்கு அதுதான் ஸ்ரைல். நானும் முன்பு அப்படித்தான் நினைத்திருந்தேன். எனக்கு வேறு விதமாகச் சொன்னது திருநெல்வேலிச் சந்தையில் ஒடியல், பினாட்டு என்று பனைச் சாமான் விற்கிற ஒரு ஆச்சி.

ஒருநாள் அவரைக் கேட்டுவிட்டு ஒரு படம் எடுத்தேன். உடனே, "காட்டு மோனை பாப்பம்" என்று கையை நீட்டினார்.

"இதில காட்ட ஏலாது ஆச்சி. கழுவினாப்பிறகுதான் பாக்கலாம்."

"அப்ப நல்லா வந்துதோ இல்லையோ உனக்கே தெரியாதோ?"

"தெரியாது."

"நல்ல கமராக்காரன்தான்" என்று சிரித்துவிட்டு, முந்தானையை இழுத்துச் சரிசெய்து, "அப்ப எதுக்கும் இன்னொண்டு எடு" என்றார்.

இந்த உரையாடலே பிலிமின் ஒரு பலன். கமராவின் முதுகில் திரை இல்லாததால் இரண்டு பேரும் அதைக் குனிந்து பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. முகத்தைப் பார்த்துக் கதைக்க வேண்டியிருக்கிறது. படத்தைக் கொண்டுவந்து தருகிறேன் என்று சொல்லிவிட்டால் திரும்பிப் போகவும் வேண்டியிருக்கிறது. திரும்பிப் போகிறபோது நீங்கள் யாரோ ஒரு ஆள் இல்லை. சந்தையில் எனக்குக் கிடைத்த நல்ல படங்கள் பெரும்பாலும் பழைய படத்தைக் கொடுக்கப் போன நாட்களில் எடுத்தவை.

பிறின்ற் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆச்சி படத்தைத் தூரப்பிடித்து, கிட்டப்பிடித்துப் பார்த்தார். "என்னை ஒரு மூலையில விட்டுட்டு என்ர கடகத்தையெல்லோ வடிவா எடுத்திருக்கிறாய்!"

உண்மைதான். நடுவில் கடகம், புளுக்கொடியல் கட்டுகள், தராசு, அவருடைய கை. அவர் இடப்பக்க ஓரத்தில் பாதி நிழலில். வீட்டுக்கு வந்து பழைய நெகற்றிவ்களையெல்லாம் எடுத்தேன். போனில் வெள்ளைத் திரையை முழு வெளிச்சத்தில் வைத்து, அதன்மேல் வரிசை வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். குருநகரில் வலை தைக்கிறவர், பண்ணையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறவர், சுன்னாகம் சந்தையில் வாழைக்குலை இறக்குகிறவர் என்று எல்லா இடத்திலும் ஆள் ஓரத்தில், தொழிலின் சாமான் நடுவில். இடுப்பு உயரத்தில் இருந்து கொஞ்சம் கீழே பார்த்து எடுத்திருக்கிறேன். வெளிச்சம் பெரும்பாலும் வலப்பக்கத்தில் இருந்து. நான் யோசித்துச் செய்தது ஒன்றும் இல்லை. ஆனால் றோலுக்கு றோல் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது.

டிஜிற்றலில் இது எனக்குத் தெரிந்திருக்காது. அங்கே பிடிக்காததை அந்த இடத்திலேயே அழித்துவிடுகிறோம், மிஞ்சுவதில் இருந்து சிறந்த ஒன்றை மட்டும் எடுக்கிறோம். அந்தச் சிறந்த ஒன்று பெரும்பாலும் யாரோ எடுத்த, நாங்கள் எங்கேயோ பார்த்து ரசித்த படத்தைப்போலவே இருக்கும், அதனால்தான் அது சிறந்ததாகத் தெரிகிறது. நெகற்றிவில் ஒரு றோலின் 36 படமும் எடுத்த வரிசையிலேயே கிடக்கும். தயங்கி எடுத்தது, கிட்டப்போகக் கூச்சப்பட்டு எட்டநின்று எடுத்தது, ஒரே ஆளைச் சுற்றிச் சுற்றி எடுத்தது எல்லாம் தெரியும். ஒரு றோலைப் பார்த்தாலே அன்றைக்கு நான் எப்படி நடந்தேன் என்று சொல்லிவிடலாம்.

எனவே ஸ்ரைல் தேடுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். படம் கழுவி வந்த உடனே பார்த்துத் தெரிவு செய்யாதீர்கள். ஆசை ஆறும்வரை சில வாரம் கிடக்கட்டும். பிறகு பல றோல்களை ஒன்றாகப் பரப்பி, நல்ல படம் எது என்று தேடாமல், நான் எங்கே நிற்கிறேன், எவ்வளவு தூரத்தில் நிற்கிறேன், நடுவில் என்ன வைக்கிறேன், எதை வெட்டுகிறேன் என்று மட்டும் பாருங்கள். கூடவே ஒரு சின்னக் கொப்பியும் வேண்டும். பிலிமில் தரவு பதியாது, நீங்கள்தான் எழுத வேண்டும். படத்தின் எண், அப்பெர்ச்சர், வேகம், இடம், ஏன் எடுத்தேன் என்று ஒரு வரி. அந்தக் கடைசி வரிதான் பிற்பாடு உதவும். என் கொப்பியில் "கை" என்ற சொல் எத்தனை இடத்தில் இருக்கிறது என்று பார்த்தபோது எனக்கே சிரிப்பு வந்தது.

கண்டுபிடித்த பிறகு அதை வளர்க்க எல்லை போட வேண்டும். ஒரு பிலிம், ஒரு லென்ஸ், ஒரு இடம், சில மாதம். எனக்கு இல்போர்ட் எச்பி5 கறுப்பு வெள்ளைப் பிலிம், 50 மில்லிமீற்றர் லென்ஸ், பண்ணையில் இருந்து மண்டைதீவுச் சந்திவரை உள்ள பாலவீதி. சூம் இல்லாததால் கிட்டப்போக வேண்டுமென்றால் காலால்தான் போகவேண்டும், கடலுக்குள் நடக்க முடியாது, எனவே பல படங்களை விட்டுவிடவும் பழகினேன். விடுவதைப் பற்றிச் சொல்லும்போது ஒன்று: பண்ணைச் சூரிய அஸ்தமனம், சன்னம் துளைத்த சுவர், தலையில்லாப் பனை இந்த மூன்றையும் யாழ்ப்பாணத்துக்கு வருகிற எல்லாரும் எடுத்துவிட்டார்கள். நாங்களும் எங்கள் ஊரை வந்துபோகிறவனின் கண்ணால் எடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று எனக்கொரு எரிச்சல் உண்டு. ஒவ்வொரு படத்துக்கும் காசு போகிறது என்று தெரிந்தால் அந்த மூன்றும் தானாகக் குறையும்.

கலியாண வேலையிலும் இது வந்து சேர்ந்தது. இப்போது சடங்குப் படங்களுக்கிடையில் பலகாரத் தட்டம் சுமக்கிற மாமியின் கை, மாலை கட்டுகிறவரின் மடி, சமையல் கொட்டிலில் அகப்பை பிடித்த ஆள் என்று எடுத்துவைக்கிறேன். அல்பத்தில் அவை வேண்டாமென்று சொன்னவர்களும் உண்டு. அதைப் பார்த்துவிட்டுத் தேடிவந்தவர்களும் உண்டு.

வீட்டில் கழுவுவதைப் பற்றி விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் புத்தகங்கள் குளிர்நாட்டுக்காரருக்கு எழுதியவை. படத்தை வெளியே கொண்டுவருகிற மருந்தான கறுப்பு வெள்ளை டெவலப்பருக்கு 20 பாகை செல்சியஸ் என்று போட்டிருப்பார்கள். எங்கள் வீட்டுத் தண்ணியே 28, 29 பாகையில் வரும். எச்பி5 பிலிமை டி-76 மருந்தில் ஒன்றுக்கு ஒன்று தண்ணி கலந்து 20 பாகையில் கழுவ 11 நிமிசம். 24 பாகையில் ஏறக்குறைய எட்டு நிமிசம். அறை வெப்பத்திலேயே கழுவினால் நேரம் ஐந்து நிமிசத்தை நோக்கி இறங்கும், அவ்வளவு குறுகிய நேரத்தில் மருந்து ஒரே சீராகப் பிடிக்காது, வானத்தில் திட்டுத் திட்டாக வரும். எனவே நான் 20க்கு ஆசைப்படுவதில்லை. ஒரு வாளி தண்ணியில் ஐஸ் கட்டிப் பையைப் போட்டு, மருந்துப் போத்தல்களை அதில் நிறுத்தி, 24க்குக் கொண்டுவந்து வேலையை முடிக்கிறேன். ஐஸை நேரே மருந்துக்குள் போடக்கூடாது, கலவை நீர்த்துவிடும். கலர் பிலிமைக் கழுவுகிற சி-41 முறைக்கு 37.8 பாகை, டெவலப்பரில் மூன்றேகால் நிமிசம். குளிர்நாட்டில் அதற்குச் சூடாக்கும் கருவி வாங்குகிறார்கள், எங்களுக்குக் கொஞ்சம் சுடுதண்ணி கலந்தாலே போதும்.

கழுவுவதற்கு முன் பிலிமை இருட்டில் கழுவும் டாங்கின் சுருளில் ஏற்றுவதுதான் ஆட்களைக் கைவிட வைக்கிற இடம். புழுக்கத்தில் கை வியர்க்கும், வியர்வை பட்டால் பிலிம் சுருளில் ஒட்டிக்கொள்ளும். இரவில், குளித்துவிட்டு, காற்றாடிக்குக் கீழே இருந்து ஏற்றுங்கள். பிளாஸ்ரிக் சுருள் எலும்புபோலக் காய்ந்திருக்க வேண்டும். கெட்டுப்போன ஒரு றோலை வைத்துக்கொண்டு முதலில் கண்ணைத் திறந்து, பிறகு கண்ணை மூடி, கை தானாகப் போகும்வரை பழகுங்கள்.

பிறகு தண்ணி. எங்கள் நிலத்தடி முழுக்கச் சுண்ணக்கல். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதுவேதான் நெகற்றிவிலும் பொட்டுப் பொட்டாகக் காயும். கழுவுகிறதெல்லாம் கிணற்றுத் தண்ணியில் செய்யலாம். கடைசி அலசலை மட்டும் பெற்றோல் செற்றில் விற்கிற பற்றரித் தண்ணியில் செய்யுங்கள், தண்ணிப் பொட்டு படியாமல் காக்கிற போட்டோஃப்ளோ இருந்தால் சில துளி விடுங்கள். காயப்போடுவதற்குக் குளியலறைதான் நல்லது. முதலில் நிலத்தையும் சுவரையும் நனைத்துவிட்டால் காற்றில் உள்ள தூசி கீழே படிந்துவிடும், பிறகு பிலிமைக் கொழுவி, கதவைப் பூட்டி வீட்டுக்காரருக்கும் சொல்லிவையுங்கள்.

கழுவின படத்தை நிலைக்க வைக்கிற ஃபிக்சர் மருந்தை முற்றத்தில் ஊற்றாதீர்கள். பிலிமில் இருந்து கரைந்த வெள்ளி அதில் இருக்கிறது. சுண்ணக்கல் நிலத்தில் ஊற்றினது எதுவும் கிணற்றுக்குப் போக அதிக நாள் எடுக்காது, சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த கதையை நாங்கள் மறக்கவில்லை. பாவித்த ஃபிக்சரில் இரும்பு நார்ப் பஞ்சைப் போட்டுவைத்தால் வெள்ளி பெருமளவு படிந்துவிடும். முந்தைய ஸ்ரூடியோக்காரர் வெள்ளியைச் சேர்த்து விற்றார்கள் என்று ஐயா சொல்வார். எங்கள் அளவுக்கு அதில் ஒன்றும் தேறாது, ஆனாலும் கான்களில் சேர்த்துவைக்கிறேன்.

கழுவ வெளியில் கொடுப்பவர்கள் நெகற்றிவைத் திருப்பித் தரவேண்டும் என்று முதலிலேயே எழுதிக் கொடுங்கள். ஒரு இடத்தில் எனக்கு ஸ்கானை மட்டும் அனுப்பிவிட்டு, நெகற்றிவ் தேவைப்படும் என்று நினைக்கவில்லை என்றார்கள். ஸ்கானின் நிறம் அந்த இயந்திரமும் அதை இயக்குகிறவரும் முடிவு செய்ததுதான். மிகக் கிட்டத்தில் எடுக்கிற மேக்ரோ லென்ஸ் உள்ள டிஜிற்றல் கமரா இருந்தால் நீங்களே நெகற்றிவைப் படம் எடுத்து மாற்றிக்கொள்ளலாம்.

செலவு பற்றி மறைக்க ஒன்றுமில்லை. 2022இல் டொலர் சில வாரத்துக்குள் 200 ரூபாயில் இருந்து 360க்குப் போனபோது பிலிம் எங்கள் கைக்கு எட்டாத சாமானாகிவிட்டது, அதன்பிறகு பழைய விலைக்கு இறங்கவே இல்லை. எனவே புதுக் கமரா, பெயர்போன லென்ஸ் என்று போகாதீர்கள். வீட்டு அலுமாரிக்குள் தாத்தாவினதோ மாமாவினதோ ஒன்று கிடக்கும். லென்ஸுக்குள் சிலந்திவலைபோலப் பூஞ்சணம் இருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள், எங்கள் ஈரப்பதத்தில் அது சாதாரணம். ஒரு மூடி உள்ள பிளாஸ்ரிக் பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் போதும் காப்பாற்ற. மாதத்துக்கு ஒரு றோல் என்று வைத்தாலே பழகலாம். கலியாணவீட்டை மட்டும் பிலிமில் எடுக்கிறேன் என்று ஒப்புக்கொள்ளாதீர்கள். தாலி ஒருதரம்தான் கட்டுவார்கள்.

பிலிமைக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். எடுத்த உடனே டப்பாவைத் திறக்காமல் சில மணித்தியாலம் வெளியில் விடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே வியர்க்கும். மோட்டார் சைக்கிள் சீற்றுக்குக் கீழே ஒருபோதும் வேண்டாம்.

எங்களுக்குப் பிலிம் வருகிற வழி பெரும்பாலும் சொந்தக்காரர்தான். ரொறன்ரோவில் இருந்தோ லண்டனில் இருந்தோ நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிற யாரிடமாவது சொல்லிவிடுவோம். அவர்கள் சொக்லேற், சவர்க்காரத்தோடு சேர்த்துப் பெரிய பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிடுவார்கள். அந்தப் பெட்டிகளுக்குப் போகிற எக்ஸ்றே பலமானது, கழுவாத பிலிமை அது புகை படிந்ததுபோல ஆக்கிவிடும். கைப்பைகளுக்கு இப்போது பல விமான நிலையங்களில் வந்திருக்கிற சி.ரி. (CT) ஸ்கானரும் அப்படித்தான். எனவே ஒளிபுகும் பிளாஸ்ரிக் பையில் தனியாகப் போட்டு, கைப்பையில் வைத்து, கையால் சோதிக்கச் சொல்லிக் கேட்கவேண்டும். போன வருசம் மச்சானுக்கு இதைப் போனில் விளங்கப்படுத்தினேன்.

"ஒபிசரிட்டக் கெஞ்சிறதோ? உன்ர பிலிமுக்கு நான் கடைசியாத்தான் பிளேனில ஏறவேணும் போல" என்றான்.

"கெஞ்ச வேண்டாம் மச்சான், கேட்டாப் போதும். சனம் கூட முதல் நேரத்தோட போய்க் கேள்."

கேட்டிருக்கிறான். அவர்கள் ஒவ்வொரு றோலாக எடுத்துத் துடைத்துப் பார்த்துவிட்டுக் கொடுத்துவிட்டார்கள். பிலிம் பழுதில்லாமல் வந்து சேர்ந்தது. இந்த முறை தனக்கும் ஒரு பழைய கமரா பார்த்துவைக்கச் சொல்லியிருக்கிறான்.